கூலி என்னும் சொல்லின் சரித்திரம்

ஆங்கில மொழியில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் தமிழிலிருந்து சென்றவை பலவுண்டு. கட்டுமரம் ‘கேட்டமரன்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுதண்ணீர் ‘மல்லிகட்டானி’ என்ற பெயர் பூண்டு வெள்ளைக்காரர் விருந்து மேசையில் ஏறிற்று. இவற்றை எடுத்துக் கூறிப் பெருமை கொள்ளாத தமிழ்ப் பேச்சாளர் இல்லை. ஆயின், இவை எல்லாவற்றினும் மிகுதியாகக் கடல் கடந்ததும், ஐந்து கண்டங்களிலும் நாவிற் பயின்றதும், அரசாங்கச் சட்டங்களில் இடம் பெற்றதுமான ஒரு சொல் உண்டு. அதனை மேடையில் எவரும் எடுத்துரைப்பதில்லை. அது ‘கூலி’ என்னும் சொல்.

அச்சொல்லைப் பிறர் நம்மை நோக்கிக் கூறினால் சினம் கொள்கின்றோம். நம்முள் ஒருவர் மற்றொருவரை நோக்கிக் கூறினாலோ அதனை இயல்பென்று விட்டுவிடுகின்றோம். இந்த முரண்பாட்டின் காரணம் யாது? அச்சொல் யாருடையது? அதன் முதற் பொருள் என்ன? அது எங்கே, எவ்வாறு, யாரால் இழிசொல்லாக்கப்பட்டது? தோட்டத்திலும் நகரத்திலும் உழைத்து வாழும் தமிழ் மக்கள் இவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், இச்சொல்லின் சரித்திரம் நம் முன்னோரின் சரித்திரமேயாகும்.

முதலில் தமிழை நோக்குவோம். தமிழில் கூலி என்பது உழைப்பின் ஊதியம். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகின்றது. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இதனை ஆண்டிருக்கின்றார். தெய்வத்தால் கூடாத காரியமாயினும், உடல் வருந்தச் செய்த முயற்சி அவ்வருத்தத்திற்குரிய பயனைத் தந்தே தீரும் என்பது அவர் கருத்து. அப்பயனைக் குறிக்க அவர் தேர்ந்த சொல் கூலி. விதியை எதிர்த்து மனித முயற்சியின் பக்கம் நின்று பேசுமிடத்தில் இச்சொல்லை அவர் வைத்தது நம் கவனத்திற்குரியது.

கூலம் என்பது தானியம். கூலத்தை அளந்து கொடுத்தமையால் அது கூலி எனப் பெயர் பெற்றது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். இதுவே முடிந்த முடிபென்று கொள்ள வேண்டுவதில்லை. எனினும் நெல்லைக் கூலியாக அளந்த வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்ததாதலின், இது பொருந்தாத கருத்துமன்று. ஆங்கிலத்தில் மாதச் சம்பளத்தைக் குறிக்கும் ‘சாலரி’ என்னும் சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடையது. சோறும் உப்பும் உழைப்புக்கு ஈடாக நின்ற காலத்தை இவ்விரு சொற்களும் நினைவூட்டுகின்றன.

தமிழில் கூலி என்பது பொருளின் பெயரேயன்றி ஆளின் பெயரன்று. ஆளைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள் என்றோ, கூலிக்காரர் என்றோ கூற வேண்டும். இன்றும் சிராங்கூன் சாலையிலுள்ள நகைக்கடையில் ஒரு சங்கிலி வாங்கினால், தங்கத்தின் விலையோடு செய்கூலியும் சேர்த்தே கணக்குப் பார்க்கின்றனர். தையற்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எத்தனையோ வழக்குகள் நம் பேச்சில் உள்ளன. இவற்றைக் கேட்டு எவரேனும் முகம் சுளிப்பதுண்டோ? இல்லை. செல்வர் வீட்டுப் பெண்ணின் கழுத்திலேறும் ஆபரணத்திலும் ஒரு தொழிலாளியின் கூலி அடங்கியிருக்கின்றது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. அடிமைக்குக் கூலி கிடையாது. அடிமைக்குக் கஞ்சி உண்டு, கந்தை உண்டு, அடியும் உண்டு. கூலி மட்டும் இல்லை. கூலி பெறுபவன் தன் உழைப்பைத் தானே விலை பேசும் உரிமையுடையவன். ஆகவே தமிழ்ச் சொல்லின்படி கூலி என்பது அடிமைத்தனத்திற்கு நேர் எதிரான ஒரு நிலையைக் காட்டுவது. இக்கருத்தை நேயர்கள் மனத்திற் கொண்டு மேலே செல்ல வேண்டுகின்றோம்.

இனி, ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்கள் கூறுவன யாவை? 1886-ஆம் ஆண்டில் யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் பேரகராதி வெளிவந்தது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த சொற்களை ஆராய்வது அந்நூல். அதில் இச்சொல்லைப் பற்றி நீண்ட குறிப்பொன்று உளது. குஜராத்திலும் கொங்கணக் கரையிலும் வாழும் கோலி என்னும் வகுப்பாரின் பெயரே இதற்கு மூலமாதல் கூடும் என்பது அதிற் கூறப்படும் ஒரு கொள்கை. பம்பாய்த் தீவின் பழங்குடிகளான மீனவர்களும் கோலிகளே. மேற்குக் கரையில் இவர்களைப் பணிக்கு அமர்த்திய ஐரோப்பியர், வகுப்பின் பெயரையே வேலையாளின் பெயராக்கினர் என்பது இக்கொள்கையின் சாரம். தமிழ்க் கூலியே மூலம் என்பது மற்றொரு கொள்கை. வில்சன் என்னும் அறிஞர் இதனையே கொண்டார்.

மூன்றாவதாக, துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்னும் சொல்லையும் சிலர் இதனோடு தொடர்புபடுத்துவர். இங்கே ஒரு வேடிக்கையைக் காண்க. 1591-ஆம் ஆண்டில் ஹைதராபாத் நகரை நிறுவிய கோல்கொண்டா அரசரின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. அப்பெயரின் நடுவில் நிற்கும் ‘குலி’ ஊழியன் அல்லது அடிமை என்ற பொருளுடையது. ஆண்டவனுக்கோ பெரியோருக்கோ அடியவன் என்ற கருத்தில் அரசர்களும் அதனைப் பூண்டனர். அரியணையில் அமர்ந்தவனுக்கு அது பணிவின் அணிகலம். மூட்டை சுமந்தவனுக்கோ அதே ஓசையுள்ள சொல் இழிவின் முத்திரை. சொல்லின் மதிப்பு அதன் ஓசையில் இல்லை, அதனைச் சுமப்பவனின் நிலையில் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

இவற்றுள் எது உண்மை? ஒன்றே மூலமாக இருத்தல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே நம் கருத்து. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. கீழ்நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ், தமிழ்க் காசு போர்த்துக்கீசியர் வாயிற் புகுந்து வெளிவந்த உருவம். இரண்டு ஆறுகள் ஒரே கடலில் விழுந்தன. அவ்வாறே மேற்குக் கரையில் கோலி என்னும் குடிப்பெயரும், தென்னாட்டில் கூலி என்னும் ஊதியப் பெயரும் ஐரோப்பிய வணிகரின் காதில் ஒன்றாய்க் கலந்திருத்தல் கூடும். ஆனால், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறிய மக்களைப் பொறுத்தமட்டில் அது தமிழ்ச் சொல்லே. தம் மடியில் முடிந்துகொண்டு வரவிருந்த காசுக்கு அவர்கள் இட்ட பெயர் அதுவே.

நான்காவது ஒரு மூலமும் கூறப்படுவதுண்டு. சீனர் இச்சொல்லை ‘கூ லீ’ என்று இரண்டு எழுத்துக்களால் எழுதுகின்றனர். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்றும், இரண்டாவதற்கு வலிமை என்றும் பொருள். கசப்பான உழைப்பு என்று அது விரியும். இதனைக் கண்ட சிலர் கூலி என்பது சீனச் சொல்லே என்று கருதினர். அது சரியன்று. வெளியிலிருந்து வந்த ஓசையைத் தம் எழுத்தில் அமைக்கும்போது, பொருளும் பொருந்துமாறு சீனர் அமைத்துக்கொண்டனர். ஆயினும் இதனைப் பிழையென்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை. அகராதிகள் கூறாத உண்மையை அந்த இரண்டு எழுத்துக்கள் கூறிவிட்டன. அதன் உண்மையைச் சிங்கப்பூர் நன்கறியும். 1880-ஆம் ஆண்டில் இங்கு வந்து 1947-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட ரிக்‌ஷா வண்டிகளை இழுத்துத் தேய்ந்த கால்கள் பெரும்பாலும் சீனரின் கால்களே.

சொல்லின் பிறப்பை விட்டு அதன் வாழ்வைப் பார்ப்போம். ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராகி, மனிதனின் பெயர் இனத்தின் வசைப்பெயரான கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1834 ஆகஸ்டில் அமுலுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே 1834-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் இந்தியத் தொழிலாளர் மொரீஷியஸ் தீவில் ஒப்பந்தத்தின்பேரில் இறங்கினர். 1838-இல் பிரிட்டிஷ் கயானா, 1845-இல் டிரினிடாட், 1860-இல் நேட்டால், 1879-இல் பிஜி என்று அக்கப்பல்களின் வழி நீண்டது. நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலான ‘ட்ரூரோ’ புறப்பட்ட இடம் சென்னைத் துறைமுகம்.

இவர்கள் அடிமைகள் அல்லர் என்று சட்டம் கூறிற்று. கூலி உண்டு, ஆண்டுக் கணக்கு உண்டு, கைநாட்டு உண்டு. ஆனால் வேலையை விட்டு விலகுவது குற்றம். குற்றத்திற்குச் சிறையும் உண்டு. சுமத்திராவின் கீழ்க்கரையில் டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்காக 1880-ஆம் ஆண்டில் டச்சு அரசாங்கம் இயற்றிய விதியின் பெயரே ‘கூலிச் சட்டம்’. வேலையை விட்டோடியவனுக்குத் தண்டனை விதித்தது அது. அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அமெரிக்கக் கப்பல்களில் ‘கூலி வியாபாரம்’ நடத்துவதைத் தடுத்தது. கூலிக்கு வியாபாரம் ஏது? மனிதனைப் பண்டமாகக் கருதிய பின்னரே அத்தொடர் பிறக்க முடியும். கூலி கொடுத்து ஆளை வைத்தல் என்பது மறைந்து, கூலியையே வாங்கி விற்றல் என்பது வந்தது. சொல்லிலிருந்த ஊதியம் வெளியேறிற்று. அடிமைத்தனம் உள்ளே புகுந்தது. தொழிற்சாலைத் தொழிலாளரை ஆங்கிலத்தில் ‘கைகள்’ என்று எண்ணுவது வழக்கம். கைகள் மட்டும் வேண்டும், அவற்றோடு வரும் வாயும் வயிறும் மானமும் வேண்டா என்னும் மனப்பான்மைதான் இரண்டிலும் உள்ளது.

அதன்பின் அச்சொல் தொழிலைக் கடந்து இனத்தைப் பற்றிக்கொண்டது. 1893-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியார் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். இந்திய வணிகரும் கூலி வணிகர் எனப்பட்டனர். தமிழர் பலரின் பெயர் ‘சாமி’ என்று முடிவதால் வெள்ளையர் இந்தியரைச் சாமி என்றும் அழைத்தனர். சாமி என்றால் எசமான் என்று பொருள். தாம் அறியாமலே தம் வேலையாளை எசமானே என்று அவர்கள் விளித்தனர்! காந்தியாரே தம் சுயசரிதையில் இதனைக் குறித்துள்ளார். ஆக, ஒருவர் எவ்வளவு கற்றிருப்பினும், எவ்வளவு பொருளீட்டியிருப்பினும், கப்பலின் கீழ்த்தட்டில் வந்த தம் இனத்தாரின் நிலை உயர்ந்தாலன்றித் தமக்கும் உயர்வில்லை என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது.

மலாயா, சிங்கப்பூர்ச் சரித்திரமும் இத்தகையதே. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் முதலில் ஒப்பந்தத்தாலும், பிறகு கங்காணிமார்களாலும் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்த முறைக்கு இங்கே 1910-ஆம் ஆண்டில் தடை வந்தது. கங்காணி முறையோ 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை நீடித்தது. முன்பணம் என்ற சங்கிலி எல்லாவற்றிலும் இருந்தது. பெற வேண்டிய கூலி, பெறுமுன்னரே கடனாக மாறியிருந்தது. அவன் பேசிய தாய்மொழியும் தப்பவில்லை. இலங்கைத் தோட்டத் துரைமாருக்காக 1915-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பாடநூலின் பெயர் ‘கூலித் தமிழ்’ என்பது. வள்ளுவர் எழுதிய மொழி ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் வேண்டிய அளவில் அதிற் சுருக்கித் தரப்பட்டது.

ஆனால், நம் மக்கள் வாளாவிருந்தனர் என்று எண்ணற்க. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவிற்கு வந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935-இல் கோ. சாரங்கபாணியார் ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார். உழைப்பவன் மானமுள்ளவன் என்னும் எண்ணம் தோட்டங்களில் பரவிற்று. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். பெண்களை இம்சிக்கும் கொடுமையை நிறுத்தக் கேட்டனர். துரையையோ தோட்ட உத்தியோகஸ்தரையோ எதிரே கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கக் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, போராட்டம் அடக்கப்பட்டது. எனினும் அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் படிப்பவர்க்கு ஓருண்மை புலப்படும். கூலியையும் மானத்தையும் அவர்கள் பிரித்துக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றென்பதை எந்த அகராதிக்காரரையும்விட அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். 1945 அக்டோபரில் சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் அதே குரல் கேட்டது.

இழிசொல்லை என்ன செய்வது? அதனை நீக்குவது ஒரு வழி. சிங்கப்பூரில் இன்று சூலியா தெரு எனப்படுவது முன்னர் கிளிங் தெரு எனப்பட்டது. கலிங்கம் என்னும் பழம்பெரும் நாட்டின் பெயரிலிருந்து தோன்றிய சொல்லே கிளிங். காலப்போக்கில் அது ஏளனச் சொல்லாயிற்று. இந்தியர் அதனை வெறுத்தனர். 1920-களின் தொடக்கத்தில் தெருவின் பெயர் மாற்றப்பட்டது. மொரீஷியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய ‘கூலி காட்’ என்னும் துறை இன்று ‘ஆப்ரவாசி காட்’ எனப்படுகின்றது. குடிபெயர்ந்தோர் துறை என்பது அதன் பொருள். 2006-ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. சொல்லை எடுத்து மார்பில் அணிந்துகொள்வது மற்றொரு வழி. மொரீஷியஸ் கவிஞர் கால் டோராபுல்லி 1990-களில் ‘கூலிட்யூட்’ என்று ஒரு கொள்கையையே வகுத்தார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டியாரின் வரலாற்றை 2013-ஆம் ஆண்டில் நூலாக்கியபோது ‘கூலிப் பெண்’ என்றே பெயரிட்டார். தென்னாப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இன்றும் இச்சொல் பலரைப் புண்படுத்துகின்றது. ஆகவே புண்பட்டவர் தாமே எடுத்தணிவது வேறு, பிறர் அவர்மீது எறிவது வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழராகிய நமக்கு ஒரு தனிக் கடமை உண்டு. மற்றவர்க்கு இது வந்த சொல். நமக்கு இது பிறந்த சொல். நம் வீட்டில் அதற்கு என்ன மதிப்பு? மனமின்றிச் செய்யும் காரியத்தைக் கூலிக்கு மாரடித்தல் என்கின்றோம். கொலை செய்யத் துணிந்தவரைக் கூலிப்படை என்கின்றோம். மகன் படிக்கவில்லையானால் கூலிவேலைக்குத்தான் போவாய் என்று அச்சுறுத்துகின்றோம். பறை முழக்கிய மக்களின் பெயரை ஒதுக்கப்பட்டோர் என்னும் பொருளில் ஆங்கிலத்திற்கு அனுப்பி வைத்தவரும் நம்மவரே. உலக அகராதிகளில் ‘பறையா’ என்னும் சொல் நிற்பது வெள்ளைக்காரர் கற்பித்த இழிவினாலன்று. அவர்கள் கப்பலிலிருந்து இறங்குமுன்பே இங்கே நிலவிய ஜாதிக் கொடுமையினால். உழைப்பவனைத் தாழ்ந்தவன் என்று கூறக் கற்றிருந்த சமுதாயத்திலிருந்து சென்ற சொல், வெளியே சென்று உயர்ந்து நிற்குமோ? நகரத்திலிருந்த படித்த தமிழர், தோட்டத்துத் தமிழரைக் காட்டி ‘நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்’ என்று துரைமாரிடம் கூறிய காலமும் இருந்தது. அக்காலம் முற்றும் கழிந்ததென்று கூற நமக்குத் துணிவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்குச் சென்று பாருங்கள். முன்னாளில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர் அழைத்த அப்பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்த இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். ஊரைப் பற்றிப் பேசுகின்றனர். அவர்களைக் கூலி என்று இன்று சட்டம் அழைப்பதில்லை. ஊதியக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் விதிக்கின்றது. 2016 ஏப்ரல் முதல், விவரங்கள் அடங்கிய சம்பளச் சீட்டும் கொடுக்கப்பட வேண்டும். நல்ல விதிகள் இவை. ஆயினும் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்திற்காக வாங்கிய கடனைத் தீர்ப்பதிலேயே பல மாத உழைப்பைச் செலவிடும் தொழிலாளர் இன்றும் உளர். கங்காணியின் முன்பணத்திற்கும் இதற்கும் உறவில்லையென்று கூற முடியுமோ? பெயர் மாறியதனால் மட்டும் நிலை மாறிவிடாது. நிலை மாறினால் பெயர் தானே மாறும்.

ஆதலின் நேயர்களே, நாம் செய்யத்தக்கவை இரண்டு. எம்மனிதனையும், எந்நாட்டவனையும் கூலி என்று விளிப்பதில்லை என்று உறுதி கொள்வோம். அது மனிதனுக்குரிய பெயரன்று. கூலி என்னும் நம் சொல்லை அதன் பழைய பீடத்தில் மீண்டும் அமர்த்துவோம். கூலி வாங்குவது இழிவென்று நம் பிள்ளைகளுக்குக் கற்பியாதிருப்போம். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பவன், காலந்தாழ்த்துபவன், கொடாது ஏய்ப்பவன் ஆகிய இவர்களே நாணத்தக்கவர்கள். நம் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் ஒருவருக்கு இம்மாதக் கூலி உரிய நாளில், உரிய அளவில், உரிய மரியாதையோடு சென்று சேர்ந்ததா என்பதை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலின் கீழ்த்தட்டில் நம் முன்னோர் சுமந்து வந்த சொல்லுக்கு நாம் செய்யும் நேர்மை அதுவேயாகும்.